மாப்பிள்ளை தட்டவில்லை

எழுதிப் பழகாத கை எழுதுகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது தாராவியில் முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு பேனா பிடித்ததைவிட ஊசி பிடித்ததுதான் அதிகம். பைகளுக்கு ஜிப் வைத்துத் தைப்பது என் வேலை. இப்போது ஞாபகமும் சரியில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வைத்தேன் என்று நிற்கிறேன். ஆனால் ஒரு நாள் மட்டும் எனக்கு மறக்கவில்லை. ஆறு வருஷமாக மறக்கப் பார்த்தேன், முடியவில்லை. நம் பகுதித் தமிழ்ப் பத்திரிகையில் தெரிந்த மனிதர் ஒருவரைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். நான் என் மாப்பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன். பெருமைக்காக அல்ல. பயத்தினால்.

எங்கள் வீட்டில் ஓர் இரும்பு ஏணி இருக்கிறது. வீடு என்றால் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரே அறை, அதற்கு மேல் தகரம் போட்ட ஒரு மாடி அறை. மாளா என்று சொல்வோம். மாளாவுக்குப் படிக்கட்டு கிடையாது, ஏணிதான். சுவரோடு ஒட்டி ஏறக்குறைய நேராக நிற்கும். பச்சைப் பெயின்ட் அடித்தது, இப்போது பாதி துரு. அதன் இடது கம்பியில், என் நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் துரு இல்லாமல் பளபளவென்று இருக்கும். அது என் கை பட்டுப் பட்டு வந்த பளபளப்பு. இருபத்திரண்டு வருஷமாக அந்த இடத்தில் மூன்று தட்டுத் தட்டித்தான் மாப்பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிறேன்.

ஏன் வாயால் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பத்தில் மாமியார் மாப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுவதில்லை, அவர் எதிரில் உட்காருவதும் இல்லை. பெரிய வீட்டில் அது எளிது. ஒரே அறையில் எப்படி? மகள் வீட்டில் இருந்தால் அவளிடம் சொல்வேன். "ஏட்டி, அவியளச் சாப்பிட வரச் சொல்லு" என்பேன். அவர் மூன்றடி தள்ளி அங்கேயேதான் நிற்பார். அவரும் அவளிடம், "அத்தகிட்ட ரசம் போதும்னு சொல்லு" என்பார். மகள் தலையில் அடித்துக்கொள்வாள். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேனா?" மகள் நர்ஸ். டூட்டி நாட்களில் நடுவில் சொல்ல ஆள் இருக்காது. அப்போதுதான் ஏணியில் தட்டத் தொடங்கினேன். பம்பாயில் தனி வீடு பார்க்க அவர்களால் முடியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளை எங்களோடுதான். சந்துக்காரர்கள் அதற்கும் அவரைக் கேலி பேசினார்கள். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே எனக்கு அவரைக் கண்டு பயம். முகத்தில் ஒன்றுமில்லை, சாந்தமான முகம். காதுதான். இரண்டு காதும் சுக்கு மாதிரி சுருண்டு இறுகிப் போயிருந்தன. ஏதோ வியாதி என்று நினைத்து, அப்போது உயிரோடிருந்த என் வீட்டுக்காரரை இடித்தேன். அவர் கேட்டே விட்டார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். வளைகுடாவில் ஒரு பயிற்சிக் கூடத்தில் தரை துடைக்கும் வேலைக்குப் போனாராம். அங்கே ஜு-ஜிட்சு என்று ஒரு சண்டை சொல்லித் தருவார்களாம். குத்துவது உதைப்பது கிடையாது. தரையில் உருண்டு, கையையோ காலையோ கழுத்தையோ மடக்கிப் பிடித்து, எதிராளியை அடங்க வைப்பது. மெத்தை துடைக்கிறவர் ஒரு நாள் ஆள் குறைந்ததென்று மெத்தையில் இறக்கப்பட்டார். ஐந்து வருஷம் துடைத்தார், ஐந்து வருஷம் உருண்டார். மெத்தையில் உரசி உரசிக் காதுக்குள் ரத்தம் கட்டி அப்படி ஆனது. ஊருக்கு வரும்போது நகை கொண்டு வரவில்லை, டிவி கொண்டு வரவில்லை. கோணி மாதிரி தடித்த ஒரு வெள்ளைச் சட்டையும் ஊதா நிற பெல்ட்டும் கொண்டு வந்தார்.

அந்தச் சட்டையின் காலர் கிழிந்தால் நான்தான் தைப்பேன். துணி ஊசி உடைந்துபோகும், தோல் தைக்கிற ஊசி போட வேண்டும். ரொம்ப நாள் கழித்துத்தான் மகள் சொல்லித் தெரிந்தது, எதிராளி அந்தக் காலரைப் பிடித்து இழுத்துத்தான் கழுத்தை நெரிப்பானாம். அன்றிலிருந்து அதைத் தைக்க எடுத்தாலே யோசனை வந்துவிடும். இறுக்கித் தைத்தால் அவருக்கு ஆபத்து, தளர்த்தித் தைத்தால் சட்டைக்கு ஆபத்து. இறுக்கித்தான் தைத்தேன். வேலையில் தளர்த்தி எனக்குப் பழக்கமில்லை.

பகலில் எங்கள் சந்திலேயே எதிர்ப்பக்கம் பாய் நடத்துகிற, பை தைக்கும் பட்டறையில் ரெக்ஸின் வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு பள்ளிக்கூடக் கூரைக்குக் கீழே பழைய மெத்தைகளைப் போட்டு, வருகிறவர்களோடு உருளுவார். எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். அவர் அடிக்கடி சொன்ன ஒரே வார்த்தை, "தட்டு, நாளைக்கும் வா." பிடி இறுகிவிட்டால் கையால் மெத்தையிலோ எதிராளியின் உடம்பிலோ தட்ட வேண்டும். தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அது தோல்விதான், ஆனால் வெட்கம் இல்லை. கை உடைந்தவன் நாளைக்கு வர முடியாது, தட்டியவன் வரலாம் என்பார். இதெல்லாம் மகளிடம் சொல்வார், நான் அறைக்குக் குறுக்கே கட்டிய திரைக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொள்வேன். அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது. இப்படிச் சொல்கிறவர் தானும் தட்டிவிடுவார், என் மகள் தாலிக்கு ஒன்றும் வராது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அவர் தட்டமாட்டார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எம்.எம்.ஏ. என்று புதுச் சண்டை வந்தது. அதில் சட்டை கிடையாது, காலர் கிடையாது. குத்தலாம், உதைக்கலாம், உருளலாம், எல்லாம் சேர்ந்தது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் அவர் அதில் இறங்கினார். கண் வீங்கி வருவார், உதடு கிழிந்து வருவார். கீழே விழுந்தால் அவர்தான் ராஜா என்றும், விழுகிற வரைக்கும் எல்லோரும் அவரை அடிப்பார்கள் என்றும் பாய் சொல்வார். ஒரு முறை தோள் மூட்டு இறங்கி வந்தார். "தட்டிருக்கலாமே" என்று மகள் அழுதாள். "மத்தவங்களுக்குச் சொல்லுறது வேற" என்றார் மாப்பிள்ளை. அன்று முதல் ஞாயிறு வந்தால் ஜெபத்தில் உட்கார்ந்திருப்பேன், காதில் ஏணிச் சத்தத்தைத் தேடுவேன்.

ஆறு வருஷம் முன்பு, கொரோனாவுக்குச் சற்று முந்தி, குர்லாவில் ஒரு சண்டை. எதிராளி கல்யாண் என்கிற ஊர்க்காரர், வயதில் பத்துப் பன்னிரண்டு இளையவர். அன்றைக்கு மகளுக்கு டூட்டி. அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, நீ போயி உக்காரு."

"நானா? ஆம்பளையளு சட்டையில்லாம உருளுற இடத்துலயா? நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

"நாலு பேரு கெடக்கட்டும். நீ முன்னால இருந்தா அவரு அடக்கமா ஆடுவாரு. மாமியா முன்னால ஓவரா போகமாட்டாரு. எனக்காக போம்மா."

என் மகள் கணக்கு அப்படி. நானும் அதை நம்பினேன். காபிக் கலர் சேலை கட்டிக்கொண்டு, பாயின் வீட்டம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாண மண்டபம் மாதிரி ஒரு ஹால். நடுவில் இடுப்பு உயரத்துக்குப் பலகை மேடை, மேலே மெத்தை, சுற்றிலும் கம்பி வலை. வலைக்கு வெளியே ஒரு சாண் அகலத்துக்குப் பலகை நீட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் மாமியார் என்று தெரிந்ததும் பிள்ளைகள் ஓடி வந்து, "அம்மா, இங்க உக்காருங்க, நல்லா தெரியும்" என்று மேடையோடு ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டார்கள். எனக்கு நல்லாத் தெரிய வேண்டியதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பாயின் வீட்டம்மா பின்வரிசையில் மாட்டிக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கு முன்னால் நாலைந்து ஜோடி ஆடினார்கள். தலையைக் குனிந்துகொண்டிருந்தாலும் நான் ஒன்றைக் கவனித்தேன். யாராவது தட்டினால், கறுப்புச் சட்டை போட்ட ரெஃப்ரி உடனே பாய்ந்து விலக்கிவிடுவார். ஒருவன் தட்டியது ரெஃப்ரி கண்ணுக்கே படவில்லை, சத்தம் கேட்டுத்தான் பாய்ந்தார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பின்னால் செய்ததை நான் ஒன்றும் தெரியாமல் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இரண்டாவது சுற்றோ மூன்றாவது சுற்றோ, அது எனக்குச் சரியாக நினைவில்லை. கல்யாண்காரர் மாப்பிள்ளையைத் தூக்கிப் போட்டார். உருண்டு உருண்டு இரண்டு பேரும் என் பக்கத்து வலைக்கே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தலை வலையில் அமுங்கி, முகம் என்னைப் பார்த்து இருந்தது. ஒரு முழம் தூரம்தான். அவ்வளவு வருஷத்தில் அவர் முகத்தை அத்தனை பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு கை இருந்தது. முகம் சிவந்து, பிறகு சிவப்புப் போய், ஈயம் மாதிரி ஒரு நிறம் வந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்ததா, பார்க்காமல் திறந்து கிடந்ததா என்று தெரியவில்லை. ரெஃப்ரி அந்தப் பக்கம் நின்றார், அவருக்குத் தெரிந்தது கல்யாண்காரரின் முதுகு மட்டும். தட்டுங்க தட்டுங்க என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். அவர் தட்டவில்லை. மகள் வெள்ளைச் சேலையில் வந்து நின்றாள் என் கண்ணில். என் கை போனது. வலைக்கு வெளியே நீட்டியிருந்த பலகையில் மூன்று முறை தட்டினேன்.

ரெஃப்ரி பாய்ந்து விலக்கினார். மணி அடித்தது. கல்யாண்காரர் துள்ளிக் குதித்தார். மாப்பிள்ளை சிறிது நேரம் கிடந்தார், இருமினார், பிறகு எழுந்து நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார். "நான் தட்டல! மைனே டேப் நஹி கியா!" அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஹாலே எழுந்துவிட்டது. ரெஃப்ரி தன் காதைத் தொட்டு, சத்தம் கேட்டேன் என்று காட்டினார். எந்த இடத்திலிருந்து கேட்டது என்று கையையும் காட்டினார். மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பினார். பலகையில் வைத்த கையை நான் இன்னும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அவர் என் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடினார். பிறகு ரெஃப்ரியிடம் தன் கையை நீட்டி, மெதுவாக, "ஆமா. தட்டிருப்பேன்" என்றார். இதெல்லாம் வீடியோவில் இருக்கிறதாம். என் கை இருக்கிறதா என்று மட்டும் எனக்குத் தெரியாது.

திரும்பும்போது ரயிலில் நான் லேடீஸ் பெட்டி, அவர் அடுத்த பெட்டி. சயானில் இறங்கி முன்னால் அவர், பத்தடி பின்னால் நான். பிறகு சில நாள் ஏணிக்குப் பக்கத்தில் போகவே எனக்குப் பயமாக இருந்தது. கையை ஓங்கினால் அந்த ஈய முகம் வரும். கரண்டியால் தட்டத்தில் அடித்துச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். ஒரு வாரம் போயிருக்கும். மாப்பிள்ளை மேலிருந்து, எனக்கும் கேட்கும்படி, மகளிடம் சொன்னார். "ஏணியிலயே தட்டச் சொல்லு. கரண்டிச் சத்தம் மேல கேக்கல." கரண்டிச் சத்தம் அடுத்த சந்துக்கே கேட்கும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதோடு அவர் மேடை ஏறவில்லை. வயதும் நாற்பத்து மூன்று ஆகியிருந்தது. கொஞ்ச நாளில் வலது கையில் இரண்டு விரல் மரத்துப் போயின. வெட்டுகிற கத்தி நழுவும். டாக்டர் கழுத்தைப் படம் எடுத்துப் பார்த்து, எலும்புக்கு நடுவில் இருக்கிற வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இன்னொரு முறை கழுத்தில் தப்பாக ஓர் அடி விழுந்தால் கை கால் விளங்காமல் போகலாம் என்றார். மகள் அந்தப் படத்தை பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறாள். நான் துணி எடுக்கும்போது அந்தக் கவரில் விரல் படாமல் எடுப்பேன்.

இவ்வளவும் பழைய கதை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாப்பிள்ளையிடம் முதலில் பயின்று இப்போது செம்பூரில் சொந்தமாகப் பயிற்சி ஹால் நடத்துகிறவர் பாயின் பட்டறைக்கு வந்தார். எங்கள் சந்து எவ்வளவு குறுகலென்றால், எதிர்ப் பட்டறையில் தும்மினால் நான் இங்கே ஆண்டவரே என்பேன். நான் வாசல் திரைக்குப் பின்னால் ஜிப் தைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அங்கே பேசாமல் ரெக்ஸின் வெட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், மாஸ்டரோட பழைய ஃபோட்டோ ஒண்ணு வேணும். ஹால்ல மாட்டப் போறோம்" என்றார் செம்பூர்க்காரர்.

"மாட்டு மாட்டு. இப்பவாது புத்தி வந்துச்சே" என்றார் பாய்.

"ஆனா கீழ என்ன எழுதறதுன்னு பசங்களுக்குள்ள ஒரே மச்மச், சண்ட."

"'இவரு இல்லேன்னா நான் இல்ல'ன்னு எழுதுலே."

செம்பூர்க்காரர் சிரித்தார். "அப்படி இல்ல பாய். மாஸ்டர் தப்பா எடுத்துக்கக் கூடாது. இன்னைக்கு எம்.எம்.ஏ.ல ஜு-ஜிட்சு மட்டும் வச்சுக்கிட்டு ஒண்ணும் நடக்காது. நின்னு அடிக்கணும். மாஸ்டர் ஒரு காலப் பிடிக்க பத்து குத்து வாங்குவாரு. என் ஹால்ல பதினெட்டு வயசுக்காரன் இருக்கான், அரை ரவுண்டுல படுக்க வச்சிருவான்."

"படுக்க வையேன்! தரையிலதாம்ல அவன் கடையே விரிப்பான். அவனப் படுக்க வச்சவன் எவன் முழுக் கையோட வீட்டுக்குப் போனான்?"

"அது அப்போ பாய். இப்ப தரை எல்லாருக்கும் தெரியும்."

"யாரு சொல்லித் தெரிஞ்சுது? நீ மொத நாளு வந்தப்ப விழத் தெரியாம மூக்கப் பேத்துக்கிட்டவன்தான? உங்கம்மா வந்து எங்கிட்ட சண்ட போட்டது மறந்துட்டா?"

"மறக்கல பாய், கசம்ஸே, சத்தியமா." அவர் குரல் இறங்கியது. "தோத்ததப் பத்தி யாரும் பேசல. தட்டுனதப் பத்தியும் பேசல. தட்டச் சொல்லிக் குடுத்ததே மாஸ்டர்தான். ஆனா வீடியோ எல்லார் ஃபோன்லயும் இருக்கு. 'நான் தட்டல'ன்னு கத்துறாரு. அடுத்த நிமிஷமே 'ஆமா, தட்டிருப்பேன்'ங்கறாரு. ரெண்டுல ஒண்ணு பொய்தானே? பொய் சொன்னவரு ஃபோட்டோவ எதுக்கு மாட்டணும்னு பசங்க கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

ரெக்ஸின் வெட்டுகிற சத்தம் நின்றது. என் ஊசி விரலில் ஏறியது.

"அந்தக் கல்யாண்காரன் இன்னும் ஆடுதானா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"ஆடறாரு மாஸ்டர். ஏன்?"

"கூட்டிட்டு வா. உன் ஹால்லயே வச்சுக்கிடுவோம். அதுக்கப்புறம் என்ன எழுதணுமோ எழுதிக்க."

"ஜோக் அடிக்காதீங்க மாஸ்டர்."

"ஜோக் இல்லப்பா."

வருகிற மாதம் கடைசி ஞாயிறு என்று முடிவாகிவிட்டது. மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கழுத்துப் படத்தை எடுத்து அவர் முன்னால் போட்டாள். அவர் அதை மடித்து மறுபடியும் துணிக்கு அடியில் வைத்தார். எனக்கு ராத்திரி பகல் இல்லாமல் ஒன்றே ஓடியது. அவர் பொய் சொன்னது எனக்காகத்தானோ என்னவோ. அந்தப் பொய்யைக் கழுவத்தான் பழுதான கழுத்தோடு மறுபடியும் மேடை ஏறுகிறார். நான் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும். அந்த ஒரு வார்த்தையை நான் ஆறு வருஷம் விழுங்கியிருக்கிறேன். சந்து சிரிக்குமே என்று பயந்தேன், மகள் என்ன நினைப்பாளோ என்று பயந்தேன். எல்லாவற்றையும்விட, அவர் எப்படிப் பார்ப்பார் என்று பயந்தேன்.

ஒரு நாள் மத்தியானம், மகள் டூட்டியில். ஏணியில் தட்டினேன். அவர் இறங்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

"மாப்பிள்ளகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னேன்.

காலடி பாதி ஏணியில் நின்றது.

"குர்லாவுல அன்னைக்கு... பலகையில தட்டுனது நான்."

கொதித்த ரசத்தை இறக்கி வைத்தேன்.

"தெரியும் அத்த" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா, தெரியவில்லை.

"இத்தன வருஷமா அந்தத் தட்டுக்குத்தான சோறு திங்கேன். மொத ரெண்டும் சேந்து வரும். மூணாவது கொஞ்சம் பொறுத்து வரும். எனக்குத் தெரியாதா? அந்த நேரத்துல சாப்பிடக் கூப்புடுதியன்னு நெனச்சேன்." அவர் சிரித்தது கேட்டது. "எந்திரிச்சு உங்க கையப் பாத்த பொறவுதான் வெளங்குச்சு."

"அப்பமே சொல்லிருக்கலாம்லா?"

"என்னன்னு சொல்ல? எங்க மாமியா எனக்குப் பதிலா தட்டிட்டாவன்னா? அப்புறம் நீங்க இந்தச் சந்துல தலை நிமிந்து நடப்பியளா?"

நான் திரும்பினேன். முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "நான் தட்டலன்னா நீங்க தட்டிருப்பியளா?"

அவர் மீதி ஏணியையும் இறங்கி வந்தார். "தட்டக் கை இல்ல அத்த. ஒண்ணு அவன் காலு இடுக்குல மாட்டிக்கிட்டு. ஒண்ணு எனக்கு அடியில. வாயால சொல்லலாம்னா தொண்ட அவன் கையில. கை இருந்தா தட்டிருப்பேனான்னு கேட்டா எனக்கே தெரியல. அதத் தெரிஞ்சிக்கிடத்தான் இன்னொரு வாட்டி போறேன்."

சொன்னால் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. "கழுத்து?" என்றேன். "பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டு, மேலே ஏறினார். ஏறும்போது அவருடைய வலது கையைப் பார்த்தேன். மூன்று விரல் ஏணிக் கம்பியைச் சுற்றிப் பிடித்தன. இரண்டு விரல் மடங்காமல் காற்றில் நின்றன.

அந்த இரண்டு விரலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மாப்பிள்ளை பெரிய ஆட்டக்காரரா, காலம் போன ஆட்டக்காரரா, அவர் கொண்டு வந்த ஜு-ஜிட்சு இப்போதைய சண்டைக்குப் போதுமா போதாதா என்பதெல்லாம் பாயும் செம்பூர்க்காரரும் பேசட்டும், எனக்கு அது தெரியாது. பொய்யர் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அவர் தட்டவில்லை என்று கத்தியது நிஜம். பிறகு தட்டியிருப்பேன் என்றது ஒரு கிழவியின் மானத்துக்காக. சந்து இனிமேல் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். செம்பூர்க்காரருக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது. இதைப் பார்க்கிற யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஃபோட்டோவை மாட்டினாலும் சரி, மாட்டாவிட்டாலும் சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலைப் பூட்டிவிடச் சொல்லுங்கள். பூட்டாவிட்டால் நானும் வருவேன். மேடையோடு ஒட்டித்தான் உட்காருவேன். என் கைக்கு நான் பொறுப்பில்லை என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மணி ஒன்று ஆகப் போகிறது. சோறு வடித்தாயிற்று. ஏணியின் அந்தப் பளபளத்த இடத்துக்கு முன்னால் நிற்கிறேன். முன்பெல்லாம் தட்டினால் இரண்டே எட்டில் இறங்கி வந்துவிடுவார். இப்போது முதலில் ஒரு கால் படியைத் தேடும், பிறகு இன்னொரு கால், பிறகு அந்தக் கை. அவர் தரையில் கால் வைக்கிற வரைக்கும் நான் மூச்சு விடுவதில்லை.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். எந்தச் சுற்று, அவர் வயது, ரெஃப்ரி சட்டையின் நிறம், இதெல்லாம் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அந்த வீடியோ முழுதாக வைத்திருப்பவர்கள், வலைக்கு வெளியே, பலகை ஓரத்தில், காபிக் கலர் சேலையில் ஒரு கை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் சத்தத்தையாவது கூட்டி வைத்துக் கேளுங்கள். மூன்று கேட்கும். முதல் இரண்டும் சேர்ந்து வரும். மூன்றாவது கொஞ்சம் பொறுத்து வரும்.